பட அட்டையும் பண்டமாற்றும்



இன்று அட்டைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற வந்திருக்கின்றேன். அட்டை என்றதும் மலைநாட்டு நேயர்கள் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. மழைநாளில் கொழுந்து மலையில் ஏறுவோரின் இரத்தத்தைக் குடிக்கும் அட்டையன்று நான் குறிப்பது. சிறுவர்கள் ஆசையோடு சேர்த்துத் தமக்குள் மாற்றிக்கொள்ளும் பட அட்டையையே குறிக்கின்றேன். பிடித்தால் எளிதில் விடாது என்னும் குணமொன்றே இரண்டுக்கும் பொதுவானது.

பட அட்டை, நெருப்புப் பெட்டிப் படம், தபால் முத்திரை ஆகியவற்றைச் சேர்ப்பதைப் பெரியவர்களுட் பலர் வீண் வேலை என்றே கருதுகின்றனர். "படிக்கிற பிள்ளைக்கு இந்தக் குப்பை எதற்கு?" என்று கேளாத தாய்மார் மிகச் சிலர். அக்கேள்வியை நான் ஏளனம் செய்யப் போவதில்லை. அது நல்ல கேள்வி. ஒரு துண்டுக் கடதாசிக்கு மதிப்பு எங்கிருந்து வருகின்றது என்பதே அதன் உட்பொருள். அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் அமெரிக்கா வரை சென்று வருவோம். அந்நாட்டார்க்குப் பேஸ்போல் என்னும் விளையாட்டில் அளவு கடந்த மோகம் உண்டு. உருண்ட கட்டை ஒன்றினாற் பந்தை அடித்துவிட்டு, நான்கு முனைகளைச் சுற்றி ஓடிவரும் ஆட்டம் அது. அதில் வல்லவர்களின் உருவப்படங்களைச் சிறு அட்டைகளில் அச்சிட்டு விற்பதும், அவற்றைச் சிறுவர் சேர்ப்பதும் அங்கு நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வழக்கம்.

இவ்வழக்கம் புகையிலை வணிகத்திற் பிறந்தது. அந்நாளைய சிகரெட் பொட்டலம் மெல்லிய கடதாசியால் ஆனது. உள்ளே இருப்பது நசுங்காதிருக்க ஓர் அட்டைத் துண்டைச் செருகி வைத்தனர். வெறும் அட்டையை வைப்பானேன், அதன்மேற் படம் ஒன்றை அச்சிட்டு, அதற்கு வரிசை எண்ணும் இட்டுவிட்டால், வரிசையை நிறைவு செய்யும் ஆசையில் மக்கள் மீண்டும் மீண்டும் வாங்குவார்களே என்று வணிகர் சிந்தித்தனர். 1880களில் அமெரிக்காவிற் பரவிய இவ்வழக்கம் விரைவில் இங்கிலாந்தையும் பற்றிக்கொண்டது. தந்தை சிகரெட்டைப் புகைத்தார். மகன் அட்டையைச் சேர்த்தான். இருவருள் எவருக்காகப் பொட்டலம் வாங்கப்பட்டது என்பதைச் சொல்வது சில வேளைகளிற் கடினம்.

அமெரிக்கப் புகையிலைக் கம்பனி 1909ஆம் ஆண்டுக்கும் 1911ஆம் ஆண்டுக்கும் இடையில் வெளியிட்ட வரிசையொன்றில் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் அட்டையும் இருந்தது. அவர் தம் படத்தை அச்சிட உடன்படவில்லை. சிறுவர்கள் தம்மை முன்னிட்டுப் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பர் சிலர். தமக்குரிய பணம் தரப்படாமையே காரணம் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும் அச்சு நிறுத்தப்பட்டது. அதற்குள் வெளியே சென்றுவிட்ட சிலவே இன்று எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று 2022ஆம் ஆண்டில் 72 இலட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டொலருக்கு விலைபோயிற்று.

மற்றொரு செய்தியும் உண்டு. பிற்காலத்திற் புகையிலையின் இடத்தைச் சூயிங்கம் பிடித்துக்கொண்டது. டொப்ஸ் என்ற கம்பனி 1952ஆம் ஆண்டில் மிக்கி மேன்டில் என்ற ஆட்டக்காரரின் அட்டையை வெளியிட்டது. அவ்வாண்டு வரிசையின் பிற்பகுதி சரிவர விற்பனையாகவில்லை. பண்டகசாலையில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்த அட்டைகளை 1960ஆம் ஆண்டளவிற் கடலிற் கொட்டிவிட்டதாக, அவ்வட்டைகளை உருவாக்கிய அலுவலரே பின்னாளிற் கூறினார். கடலுக்குத் தப்பிய மேன்டில் அட்டைகளுள் ஒன்று 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் 1 கோடியே 26 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. கொட்டுவதற்குக் கூலி கொடுக்கப்பட்ட பொருளுக்கு வந்த விலை இது!

மேன்மையான பொருளை நாம் 'அருமையான பொருள்' என்கின்றோம். அருமை என்றால் அரிதாயிருத்தல். அரிதாயிருப்பதே மேன்மையுடையது என்று நம் மொழியே ஒரு சொல்லில் இரு பொருளை வைத்திருக்கின்றது. ஆயினும் அருமை ஒன்றே போதாது. என் கையெழுத்தில் உள்ள பழைய சலவைக் கணக்கு உலகில் ஒன்றே ஒன்றுதான். அதனை எவரும் ஒரு சதத்துக்கும் வாங்கார். அரிதாயிருப்பதுடன் அதை விரும்பும் மற்றொரு மனிதனும் வேண்டும். ஆகவே மதிப்பு கடதாசியில் இல்லை. இரண்டு மனிதருக்கு நடுவில் இருக்கின்றது. இதனைப் பொருளியல் நூல் படியாமலே சிறுவர் கற்றுக்கொள்ளும் பாடசாலைதான் பட அட்டைப் பண்டமாற்று.

இனி, நமக்கு நெருங்கிய செய்திக்கு வருவோம். இங்கிலாந்தில் இரண்டாம் உலக யுத்தக் காலத்திற் கடதாசித் தட்டுப்பாட்டினாற் சிகரெட் அட்டைகள் நின்றுபோயின. யுத்தம் முடிந்து சில ஆண்டுகள் கழிந்தபின் அவ்விடத்தை நிரப்பியது எது தெரியுமா? நம் மலைகளில் விளையும் தேயிலைதான். புரூக் பொண்ட் என்ற கம்பனி 1954ஆம் ஆண்டு தொடங்கித் தன் தேயிலைப் பொட்டலங்களிற் பட அட்டைகளை வைக்கலாயிற்று. முதல் வரிசை பிரித்தானியப் பறவைகள். அதனைத் தொடர்ந்து காட்டுப் பூக்கள், விண்வெளி, விலங்குகள் எனப் பல வரிசைகள் வந்தன. சார்ல்ஸ் டனிக்ளிஃப் என்னும் புகழ்பெற்ற பறவை ஓவியர் சில வரிசைகளுக்குச் சித்திரம் தீட்டினார். பெரும்பாலும் ஒரு வரிசைக்கு ஐம்பது படங்கள். அவற்றை ஒட்டுவதற்கு ஆறு பென்சுக்கு ஒரு புத்தகம். இவ்வழக்கம் 1999ஆம் ஆண்டு வரை நீடித்தது. குருவிகளின் பெயரையும் கோள்களின் பெயரையும் தேயிலைப் பொட்டலத்திலிருந்தே கற்றுக்கொண்ட ஆங்கிலச் சிறுவர் ஒரு தலைமுறைக்கு மேற்பட்டவர்.

அப்பொட்டலத்தில் இருந்த தேயிலை பல நாட்டு இலைகளின் கலவை. இலங்கை மலைகளின் இலையும் அதில் உண்டு. நம் தாய்மார் விடியற்காலையிற் பிரட்டுக்குச் சென்று, பனியிலும் மழையிலும் நின்று பறித்த கொழுந்து, ஸ்டோரில் வாடி, அரைபட்டு, காய்ந்து, கொழும்பு ஏலத்திற் கைமாறி, கப்பலேறி, அந்நாட்டுச் சமையலறை மேசையில் ஒரு படத்துடன் போய் இறங்கிற்று. ஆனால் கொழுந்து பறித்தவளின் பிள்ளை அந்தப் படத்தைக் கண்டதில்லை. லயத்துக்குக் கிடைத்தது தேயிலைத் தூள். அதனுடன் பறவை எதுவும் பறந்து வரவில்லை.

அப்படியானால் மலைநாட்டுச் சிறுவர் எவற்றைச் சேர்த்தனர்? இதற்கு விடை கூற என் ஊரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாகச் செல்லும் பஸ் பாதை முடியும் இடம் நல்லதண்ணி. தோட்டத் துரைமார் டல்ஹவுசி என வழங்கியதும் இவ்விடத்தையே. பஸ் நிற்கும் இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் சிவனொளிபாத மலை தெரியும். அதன் உயரம் 7,359 அடி. மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை நீளும் யாத்திரைக் காலத்திற் பௌத்தரும் இந்துக்களும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் அம்மலையில் ஏறுவர். புத்தர் பாதம், சிவன் பாதம், ஆதாமின் பாதம் என அவரவர் நம்பிக்கைக்கு ஏற்ப அவரவர் வணங்குவர்.

அக்காலம் எங்களுக்கு அறுவடைக் காலம். யாழ்ப்பாணத்தார் ஒரு நெருப்புப் பெட்டியை எறிந்து செல்வர். காலியிலிருந்து வந்தவர் வேறொன்றை எறிந்து செல்வர். கடல் கடந்து வந்தவர்கள் எறிந்த சிகரெட் பெட்டிகளும் கிடைக்கும். சிவகாசியில் அச்சான புலியும் யானையும் மயிலும் எப்படியோ எங்கள் படிக்கட்டுகளில் வந்து கிடக்கும். விடிந்ததும் ஓடிச் சென்று, தேநீர்க் கடைகளின் ஓரத்திலும் படிகளின் இடுக்கிலும் பொறுக்குவோம். ஈரப் படங்களை நீரில் ஊறவைத்துப் பிரித்து, அடுப்பின் மேல் உள்ள அட்டாலியில் உலர்த்துவோம். துரை பங்களாவின் குப்பைக் கூடையில் விழும் வெளிநாட்டு உறைகளுக்கு, பங்களாச் சமையற்காரரின் மகன் ஏகபோக உரிமையாளன்.

லயத்துக் கோடியில் இருந்த பீலிக்கரையே எங்கள் சந்தை. வாளிகளை வரிசையில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருக்கும் வேளையிற் பண்டமாற்று நடக்கும். உள்நாட்டு நெருப்புப் பெட்டிப் படம் ஐந்துக்கு இந்தியப் படம் ஒன்று. இந்தியப் படம் மூன்றுக்கு வெளிநாட்டு முத்திரை ஒன்று. யாத்திரைக் காலம் உச்சத்தில் இருக்கும்போது விலை விழும். மழை பிடித்து மலை வெறிச்சோடியதும் விலை ஏறும். இதனை எங்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. சந்தைக்குச் சட்டம் ஒன்றும் இருந்தது. கைமாறியபின் பேச்சு மாறலாகாது. கொடுத்ததைத் திரும்பக் கேட்பவனை ஒரு வாரம் சந்தையிற் சேர்ப்பதில்லை.

இச்சட்டம் நேர்மையானது என்றே நான் வெகுநாள் நம்பியிருந்தேன். அது முழு நேர்மையன்று என்பதை எனக்கு உணர்த்திய பண்டமாற்று ஒன்றை இங்கே கூறவேண்டியவனாயிருக்கின்றேன். அதில் ஏமாந்தவன் நானல்லன்; ஏமாற்றியவனே நான்.

1970களின் தொடக்கத்தில் நடந்தது அது. அடுத்த லயத்துச் சிறுவன் ஒருவன், என்னிலும் இரண்டு வயது இளையவன், ஒருநாள் பீலிக்கரைக்கு ஒரு முத்திரையுடன் வந்தான். உறையிலிருந்து கத்தரித்து எடுத்த முத்திரை. அதிற் சிவனொளிபாத மலையின் படம். மூலையில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலை. விலை மூன்று சதம். என் ஆசிரியர் ஒருவரின் முத்திரைப் புத்தகத்தில் அத்தகைய ஒன்றை நான் முன்பே கண்டிருந்தேன். 1935, 1936ஆம் ஆண்டுகளில் வெளியான அவ்வரிசையில் 11 முத்திரைகள் இருந்தன என்பதையும், இறப்பர் மரம் வெட்டுதல், கொழும்புத் துறைமுகம், கொழுந்து பறித்தல், காட்டு யானைகள் எனப் பல காட்சிகள் அவற்றில் உண்டு என்பதையும் அவர் சொல்லியிருந்தார். இவை எல்லாம் எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

"தினமும் வாசலில் நின்றாலே தெரிகிற மலைக்குப் படம் எதற்கடா?" என்று கேட்டேன். அவன் மலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். நான் சொல்வது சரி என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும். முற்றத்து மல்லிகைக்கு மணமில்லை என்பார்கள் அல்லவா? சிவப்பும் மஞ்சளுமாகப் பளபளத்த ஒரு புலிப்படத்தைக் கொடுத்தேன். அத்தகையவை என்னிடம் நான்கு இருந்தன. அவன் மகிழ்ச்சியோடு வாங்கிச் சென்றான். அவன் மகிழ்ந்தான் என்பதையே வெகுநாள் எனக்கு நானே சமாதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழிந்திருக்கும். அந்த வீட்டில் அவனுடைய அப்பாயி உரத்த குரலில் அழுவது கேட்டது. அவருடைய தகரப் பெட்டி திறந்து கிடந்தது. அதிலிருந்து பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் பழைய அரிசிக் கூப்பன் புத்தகமும் தோட்டத்துத் துண்டுகளும் பாயிற் பரப்பப்பட்டிருந்தன. அவற்றின் நடுவில், மூலை கத்தரிக்கப்பட்ட ஓர் உறை. பதுளைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து அவருடைய கொழுந்தனார், அவர் கணவருக்கு எழுதிய கடிதத்தின் உறை அது. பெயர் இருந்தது, தோட்டத்தின் பெயர் இருந்தது, ஆண்டு இல்லை. தபாற் கந்தோர் குத்திய வட்டத்தில் ஒரு பாதி உறையில் நின்றது. மறுபாதி முத்திரையோடு என்னிடம் வந்துவிட்டது. என் வீட்டுக்கு ஓடிச் சென்று பார்த்தேன். என் முத்திரையின் மேல், மங்கிய மையில், 37 என்ற இலக்கம் தெளிவாய்த் தெரிந்தது.

எழுத்தறியாத ஒரு மூதாட்டி, வெறும் உறையொன்றை ஏன் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்தார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. இளைய நேயர்களுக்கும் விளங்காதிருக்கலாம். ஆதலால் அதனைச் சிறிது விரித்துரைக்கின்றேன்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பரம்பரையை ஆதாரமாகக் கொண்டது. ஒருவர் இந்நாட்டிற் பிறந்திருந்தால் மட்டும் போதாது; அவர் தந்தையும் இந்நாட்டிற் பிறந்தவர் என்றோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இந்நாட்டிற் பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டியிருந்தது. பதிவுச் சான்று இல்லாத தோட்ட மக்கள் இதனை எங்ஙனம் காட்டுவர்? அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், விண்ணப்பிப்போர் தொடர்ந்து இந்நாட்டில் வசித்தமையை நிறுவக் கேட்டது. 1946ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதிக்கு முன், மணமானவராயின் ஏழு ஆண்டுகள், மணமாகாதவராயின் பத்து ஆண்டுகள். சுமார் எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர். தோட்டத்தில் ஒரு தொழிலாளிக்குத் தனி வீட்டிலக்கம் கிடையாது. கடிதம் தோட்டத்துத் தப்பால் பையில் வந்து, கந்தோரிலிருந்தே கைக்குக் கிடைக்கும். ஆகவே பெயரும் தோட்டமும் ஆண்டும் ஒருங்கே பொறித்த உறை, "நான் இங்கிருந்தேன்" என்று சொல்லக்கூடிய சில சாட்சிகளுள் ஒன்று.

அந்த மூதாட்டியின் கணவர் 1950களில் விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர். அவர் இறந்த பின்னரும், கட்டிய கட்டு அவிழாமற் கடதாசிகள் பெட்டியிற் கிடந்தன. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி செய்யப்பட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும், 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மனிதர்களை எண்ணிப் பங்கிட்ட இந்தப் பண்டமாற்றில், மாற்றப்பட்டவர்களின் விருப்பத்தைக் கேட்டவர் எவருமில்லை.

அச்சிறுவனின் குடும்பம் இந்தியாவுக்குச் செல்வதென முன்னரே முடிவாகியிருந்தது. என் முத்திரையினால் அது நேர்ந்ததென்று நான் கூறவில்லை. அந்த உறை முழுதாய் இருந்திருந்தாலும் முடிவு மாறியிராது. ஆயினும் அன்றிரவே நான் முத்திரையை எடுத்துச் சென்று கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அடி விழும் என்ற அச்சம் ஒரு காரணம். முத்திரை போய்விடுமே என்ற ஆசை மற்றொரு காரணம். இரண்டில் இரண்டாவதே பெரிதாயிருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கின்றேன்.

சில மாதங்களின் பின் அவர்கள் புறப்பட்டனர். ஹட்டன் புகையிரத நிலையத்திலிருந்து தலைமன்னாருக்கு அக்காலத்திற் சென்ற அவ்வண்டியை ஒப்பாரிக் கோச்சி என்றே மலைநாட்டார் அழைத்தனர். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். புறப்படுமுன் அச்சிறுவன் என்னிடம் வந்து, தன் படங்கள் அனைத்தையும் நூலாற் கட்டியபடியே கையிற் கொடுத்தான். பெட்டியில் இடமில்லை என்றான். பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. அவன் சென்றபின் கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். புலிப்படமும் அதில் இருந்தது.

நேயர்களே, அந்தப் பண்டமாற்றில் எனக்கு இலாபம் என்று எவரும் கணக்கிடலாம். முத்திரையும் என்னிடம், அதற்கு விலையாய்க் கொடுத்த புலியும் என்னிடம். ஆனால் மதிப்பு இரண்டு மனிதருக்கு நடுவில் இருக்கின்றது என்று முன்னர் சொன்னேன். அவ்விருவருள் ஒருவன் போனபின் என் கையில் எஞ்சியது கடதாசி.

முத்திரை சேர்ப்பதில் அனுபவம் பெற்றவர்கள் இன்று ஒரு விதியை வற்புறுத்துகின்றனர். பழைய உறையிலிருந்து முத்திரையைக் கத்தரிக்காதே; உறையை முழுதாக வைத்திரு என்பதே அது. பிரித்தெடுத்த முத்திரை ஒரு படம். உறையோடு நிற்கும் முத்திரையோ ஒரு வரலாறு. எவர் எவருக்கு, எங்கிருந்து எங்கே, எந்த நாளில் எழுதினார் என்பது அதில் இருக்கும். பழைய மஸ்கெலியா நகரம் மவுசாக்கலை நீர்த்தேக்கம் எழுந்தபோது நீரில் மூழ்கிற்று. வறட்சியில் நீர் வடியும் நாட்களிலே மாத்திரம் அதன் இடிபாடுகள் தலைகாட்டும். ஆனால் அந்நகரத் தபாற் கந்தோரின் வட்டம் பதிந்த உறை உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்குமாயின், அது மூழ்காத மஸ்கெலியா. அறிந்தவர்கள் முழு உறைக்கே கூடுதல் விலை தருகின்றனர் என்பதையும் சொல்லி வைக்கின்றேன்.

இப்பொழுதுபோக்கில் இறங்க விரும்பும் சிறுவர்களுக்குச் சில யோசனைகள். மலைநாட்டின் பரம எதிரி ஈரம். படங்களையும் முத்திரைகளையும் சுவர் ஓரத்தில் வையாதீர்கள். வெயில் எறிக்கும் நாளில் நிழலிற் காற்றாட விரியுங்கள். வெல்லமும் மாப்பசையும் கலந்து ஒட்டாதீர்கள். கரப்பானுக்கு விருந்து வைத்ததாகும். ஒட்டிய அட்டையின் பின்புறம் கெட்டால் அதன் மதிப்பும் கெடும். ஒவ்வொன்றும் எங்கே, எப்போது, எவரிடமிருந்து கிடைத்தது என்பதைத் தனிக் கொப்பியில் எழுதுங்கள். பத்து ஆண்டுகளின் பின் படங்களைவிட அந்தக் கொப்பியையே நீங்கள் விரும்பிப் படிப்பீர்கள்.

பண்டமாற்றுக்கும் ஒரு யோசனை உண்டு. எங்கள் பீலிக்கரைச் சட்டத்தைச் சிறிது திருத்த விரும்புகின்றேன். உன்னிலும் இளையவனோடு மாற்றும்போது, நீ அறிந்ததை முதலில் அவனுக்குச் சொல். சொன்ன பின்னும் அவன் புலியையே விரும்பினால், மகிழ்ச்சியோடு கொடு. மறுநாள் பொழுது சாயும்வரை மனம் மாற அவனுக்கு உரிமை இருக்கட்டும். இதனால் உன் சேகரிப்பிற் சில படங்கள் குறையலாம். ஆனால் அடுத்த நாளும் அவன் உன்னைத் தேடிப் பீலிக்கரைக்கு வருவான். பட அட்டை சேர்ப்பதில் உள்ள இன்பத்தில் முக்காற் பங்கு அந்த வருகைதான்.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. கடதாசியைப் பேணக் கற்ற பிள்ளை பின்னாளிற் குடும்பத்தின் பத்திரங்களையும் பேணும். நம் மக்களுக்கு இது சிறிய செய்தியன்று. நாடற்றவர் என்ற நிலை இந்நாட்டிற் சட்டப்படி நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1935ஆம் ஆண்டு வரிசையிலே கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் ஒன்பது சத முத்திரையில் இருந்தது. உலகெங்கும் உள்ள சிறுவர் அவள் படத்தைத் தம் புத்தகங்களில் ஒட்டி வைத்தனர். அவளைப் போன்றோரின் பெயரை ஏட்டிற் பதிவதற்கு இந்நாட்டுக்கு அத்தனை ஆண்டுகள் சென்றன.

ஆகவே, இன்றிரவு வீட்டில் உள்ள மூத்தவர்களின் தகரப் பெட்டியைத் திறந்து காட்டும்படி பிள்ளைகள் கேட்கட்டும். அவர்கள் காட்டும்போது பொறுமையாய் உட்கார்ந்து கேட்கட்டும். கத்தரிக்கோல் மாத்திரம் கையில் வேண்டாம்.

அந்த மூன்று சத முத்திரை இன்றும் என் புத்தகத்தில் இருக்கின்றது. அதன் பக்கத்தில் அந்தப் புலிப்படத்தையும் வைத்திருக்கின்றேன். ஏனைய முத்திரைகளின் கீழே, இன்னாரிடம் இன்ன விலைக்கு மாற்றியது என்று எழுதியிருப்பேன். அதன் கீழே மாத்திரம், "திருப்பிக் கொடுக்க வேண்டியது" என்று எழுதியிருக்கின்றேன். இப்பேச்சைக் கடலுக்கு அப்பால் எங்கேனும் அவன் கேட்டிருந்தால், நல்லதண்ணிக்கு ஓர் உறையில் எழுதட்டும். அந்த உறையை நான் கத்தரிக்கமாட்டேன்.